அவர் நுரையீரல், அவர் காசு. அப்புறம் சட்டம் எதற்கு?

பேருந்து நிலையத்தில் சிகரெட் பிடித்ததற்காக 200 ரூபாய் அபராதம் கட்டிவிட்டு வந்த ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. "என் உடம்பு, என் காசு. கெடுதல் என்று தெரிந்துதான் பிடிக்கிறேன். ஒரு பக்கம் வரி வாங்குகிறார்கள், மறுபக்கம் அபராதம் போடுகிறார்கள். மக்கள் மேல் அவ்வளவு அக்கறை இருந்தால் மொத்தமாகத் தடை செய்துவிட்டுப் போக வேண்டியதுதானே? இந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நல்ல கேள்வி. தென்மாவட்டங்களில் காசநோய்த் தடுப்புப் பிரிவில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். பதில் கொஞ்சம் நீளும்.

முதலில் சட்டத்தின் பெயரைப் பாருங்கள். எல்லோரும் சுருக்கமாக 'கோட்பா' என்கிறார்கள். முழுப் பெயர், சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் (விளம்பரத் தடை மற்றும் வணிகம், உற்பத்தி, வழங்கல், விநியோகம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்துதல்) சட்டம், 2003. அவ்வளவு நீளமான பெயரில் புகைபிடிப்பவரைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. விளம்பரம் செய்பவர், தயாரிப்பவர், விற்பவர், அனுப்புபவர், இவர்களைப் பற்றித்தான் இருக்கிறது. உள்ளே படித்தாலும் அப்படித்தான். பதினெட்டு வயது நிரம்பிய ஒருவர் புகைபிடிப்பதே குற்றம் என்று அதில் எந்தப் பிரிவும் சொல்லவில்லை. 4-ஆம் பிரிவு, பொது இடத்தில் பிடிக்காதே என்கிறது. 5-ஆம் பிரிவு, விளம்பரம் கூடாது என்கிறது. 6-ஆம் பிரிவு, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு விற்காதே, பள்ளி கல்லூரியிலிருந்து 100 கஜ தூரத்துக்குள் விற்காதே என்கிறது. 7-ஆம் பிரிவு, பாக்கெட்டின் மேல் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது. புகைபிடிப்பவரை நேரடியாகத் தொடுவது 4-ஆம் பிரிவு மட்டும்தான். தம்பிக்கு அபராதம் விழுந்ததும் அதில்தான். அதனால் இந்தச் சட்டம் முழுக்கத் தன்னைக் குறிவைத்தே எழுதப்பட்டது என்று அவருக்குத் தோன்றுவது இயல்பு.

அந்த 4-ஆம் பிரிவிலிருந்தே தொடங்குவோம். "என் உடம்பு" என்ற வாதம் செல்லுபடியாகாத இடமும் அதுதான்.

ஜப்பானில் டாக்டர் ஹிராயாமா என்பவர், தாங்கள் புகைபிடிக்காத 91,540 மனைவிமார்களைப் பதினான்கு வருடம் தொடர்ந்து கவனித்து, 1981-இல் முடிவை வெளியிட்டார். கணவர் அதிகம் புகைபிடித்த வீடுகளில் மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் கூடுதலாக வந்திருந்தது. அந்தப் பெண்கள் ஒரு சிகரெட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. புகையிலை நிறுவனங்கள் அந்த ஆய்வை மறுக்க நிறையப் பணம் செலவழித்தன. அதன் பிறகு நாடு நாடாக நடந்த ஆய்வுகள் அதே முடிவுக்குத்தான் வந்து சேர்ந்தன. ஸ்காட்லாந்தில் 2006 மார்ச்சில், மூடிய பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடை செய்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோது, கடுமையான இதய நோயோடு வந்து சேர்பவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். குறைந்தவர்களில் புகைபிடிக்காதவர்களும் கணிசமாக இருந்தார்கள் என்பதுதான் இதில் முக்கியம். மருந்து மாத்திரை எதுவும் புதிதாகக் கொடுக்கவில்லை. காற்றை மட்டும் சுத்தமாக விட்டார்கள்.

நம் நாட்டில் இந்த விஷயத்தை முதலில் உரிமைப் பிரச்சினையாகப் பார்த்தவை நீதிமன்றங்கள். 1999-இல் கேரள உயர் நீதிமன்றம், பொது இடத்தில் புகைபிடிப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையை மீறுவதாகும் என்று தீர்ப்பு சொன்னது. 2001 நவம்பரில் முரளி தேவ்ரா என்பவர் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம், மருத்துவமனை, பள்ளி, நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, ரயில் என்று பட்டியல் போட்டுத் தடுத்தது. புகைபிடிக்காத ஒருவர், வேறொருவர் பிடிக்கிறார் என்பதற்காகத் தானும் ஏன் நோயில் விழ வேண்டும் என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. 2003-இல் சட்டம் வந்தது. 2008 அக்டோபர் 2, காந்தி ஜயந்தி அன்று, பொது இட விதிகள் நாடு முழுக்க விரிவாக நடைமுறைக்கு வந்தன.

இப்போது நகரப் பேருந்தில் யாராவது பற்றவைத்தால் நடத்துநருக்கு முன்னால் பக்கத்துச் சீட்டுக்காரரே சத்தம் போடுவார். எண்பதுகளில் பேருந்தில் போனவர்களுக்கு அது எப்படி இருந்தது என்று தெரியும். ஜன்னல் ஓரத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குப் பின்சீட்டிலிருந்து பீடிப் புகை வரும். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த மாற்றத்தை வெறும் அபராதம் கொண்டுவந்துவிடவில்லை. "இங்கே பிடிக்காதீங்க" என்று கேட்க, பிடிக்காதவருக்கு ஒரு பிடிமானத்தைச் சட்டம் கொடுத்தது. அந்த 200 ரூபாயின் வேலை அதுதான்.

இனி காசநோய். என் வேலையே அதுதான் என்பதால் இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வராது.

புகையிலை என்றால் புற்றுநோய் என்றுதான் நம் எல்லோர் மனத்திலும் பதிந்திருக்கிறது. ஆனால் இந்தியாவில் பீடியும் சிகரெட்டும் காசநோய் வழியாகவும் ஏராளமானவர்களைக் கொல்கின்றன. இதை உலகத்துக்குச் சொன்ன ஆய்வு தமிழ்நாட்டில் நடந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் கஜலட்சுமியும், ஆக்ஸ்ஃபோர்டின் ரிச்சர்ட் பீட்டோவும், மற்றவர்களும் சேர்ந்து, நம் மாநிலத்தின் நகரத்திலும் கிராமத்திலும் இறந்துபோன சுமார் 43,000 ஆண்களைப் பற்றி விசாரித்து, உயிரோடு இருக்கும் 35,000 ஆண்களோடு ஒப்பிட்டார்கள். அது 2003-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. புகைபிடிக்கும் ஆண்கள் காசநோயால் இறப்பது, பிடிக்காதவர்களைப் போல சுமார் நான்கு மடங்கு. இந்திய ஆண்களின் காசநோய் மரணங்களில் கிட்டத்தட்டப் பாதிக்குப் புகைபிடித்தல் காரணம் என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? காசநோய்க் கிருமி நம்மில் ஏராளமானவர்களின் உடம்பில் தூங்கிக்கொண்டிருக்கிறது. பெரும்பாலோருக்கு அது கடைசிவரை விழித்துக்கொள்வதில்லை. நுரையீரலின் காவல்காரச் செல்கள் அதைச் சுற்றி வளைத்து அடக்கி வைத்திருக்கும். தினமும் உள்ளே போகும் புகை அந்தக் காவலைப் பலவீனப்படுத்துகிறது. மூச்சுக்குழாயில் சளியையும் தூசியையும் மேலே தள்ளிவிடும் நுண்ணிய மயிர்கள் செயலிழந்து போகின்றன. தூங்கிய கிருமி எழுந்துகொள்கிறது.

தம்பி, உங்கள் வாதத்துக்கு நேர்ப் பதில் இங்கேதான் இருக்கிறது. காசநோய் ஒட்டுகிற நோய். ஒருவருக்கு நுரையீரல் காசம் வந்து, அது கண்டுபிடிக்கப்படாமல் மாதக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தால், அது மனைவிக்குப் போகும், பேரப்பிள்ளைக்குப் போகும், பக்கத்தில் தறி ஓட்டுபவருக்குப் போகும். புகைபிடிப்பவர்களுக்குக் காலை இருமல் பழகிப்போனது என்பதால், "இது பீடி இருமல்தான்" என்று தள்ளிப்போடுவது வேறு. நான் பார்த்த ஆண் நோயாளிகளில் எத்தனையோ பேர் அப்படித் தாமதமாக வந்தவர்கள். மருந்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்தும் சிலருக்குத் திரும்ப வந்தது. விசாரித்தால் பீடியை விட்டிருக்க மாட்டார்கள். ஒருவரின் நுரையீரல் அவருடையது மட்டும் இல்லை என்பதை எனக்கு அந்த நோயாளிகள்தான் புரியவைத்தார்கள்.

சரி, "தெரிந்துதான் பிடிக்கிறேன்" என்பதற்கு வருவோம்.

எப்போது தெரிந்து, எந்த வயதில் முடிவு எடுத்தீர்கள் என்று நான் கேட்பேன். 2016-17-இல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பழக்கம் தொடங்கும் சராசரி வயது 18.9. சராசரியே அது என்றால், ஏராளமானவர்கள் அதற்கும் கீழே தொடங்கியிருக்கிறார்கள். 13 முதல் 15 வயது மாணவர்களிடம் 2019-இல் எடுத்த கணக்கு இன்னும் வருத்தமானது. 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். பீடி தொட்ட பிள்ளைகளில் 47 சதவீதம் பேர் பத்து வயது நிரம்பும் முன்பே தொட்டிருக்கிறார்கள். பத்து வயதுப் பையனுடைய 'சுய முடிவு' என்று இதைச் சொல்ல முடியுமா?

நிக்கோடின் உள்ளே இழுத்த சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். வளரும் மூளையில் அது போடும் தடம் ஆழமானது. பதினாறு வயதில் நண்பர்களோடு விளையாட்டாக எடுத்த முடிவுக்கு நாற்பது வயதுக்காரர் கட்டுப்பட்டுக் கிடக்கிறார். முன்பு சொன்ன 2016-17 கணக்கெடுப்பில், புகைபிடிப்பவர்களில் 55 சதவீதம் பேர் விட்டுவிட வேண்டும் என்று திட்டமிட்டிருந்தார்கள் அல்லது யோசித்துக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் விட நினைத்தும் விட முடியாத ஒரு பொருளைச் சுதந்திரமான தேர்வு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நிறுவனங்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1994 ஏப்ரலில் அமெரிக்காவின் ஏழு பெரிய புகையிலை நிறுவனத் தலைவர்கள் நாடாளுமன்றக் குழு முன் வரிசையாக நின்று, நிக்கோடினுக்கு அடிமைப்படுத்தும் குணம் இல்லை என்றே நம்புவதாகச் சாட்சி சொன்னார்கள். அதன் பின் வழக்குகளில் அவர்களுடைய உள் ஆவணங்கள் லட்சக்கணக்கில் வெளியே வந்தன. நிக்கோடினின் பிடி பற்றி அவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகத் தெரிந்திருந்தது. இறந்து போகிறவர்களுக்கும் விட்டுவிடுகிறவர்களுக்கும் ஈடாக இளம் வயதினரைப் பிடித்தால்தான் வியாபாரம் நிற்கும் என்று எழுதிவைத்திருந்த நிறுவனமும் உண்டு. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்தப் பொருளாலேயே சாகிற ஒரு வியாபாரம், பள்ளிக்கூட வாசலில்தான் புது வாடிக்கையாளரைத் தேட வேண்டியிருக்கிறது. 100 கஜ விதி, அதாவது சுமார் 91 மீட்டர், எதற்கு என்று இப்போது புரியும். பிள்ளை தினமும் மிட்டாய் வாங்கும் கடையில், மிட்டாய்க்குப் பக்கத்தில் அது தொங்கக்கூடாது. அவ்வளவுதான். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் புகையிலை கொடுத்தால் ஏழு வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். "போய் அப்பாவுக்கு ஒரு கட்டு பீடி வாங்கிட்டு வா" என்று பிள்ளையை அனுப்பும் வழக்கம் நம் ஊரில் இன்னும் இருக்கிறது. பழக்கத்தின் முதல் படி அதுதான் என்று நான் நினைக்கிறேன். இலங்கையில் விற்பனை வயதை 2006-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே 21 ஆக வைத்துவிட்டார்கள். நம் நாட்டிலும் அப்படி உயர்த்த வேண்டும் என்பது என் கருத்து. இளம் வயதில் தொடாதவர் பிற்பாடு தொடுவது குறைவு.

பாக்கெட்டின் மேல் இருக்கும் படத்தைப் பற்றிப் பலரும் கேட்பது, "அதைப் பார்த்து யார் விட்டார்கள்?" என்றுதான். 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. அதுவும் சிகரெட்டுக்கு மட்டும். பீடிக்கும் பொயிலைக்கும் அதுவும் இல்லை. படிக்கத் தெரியாதவருக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை. 2009 மே 31 முதல் படம் வந்தது. 2016 ஏப்ரல் முதல் அது பாக்கெட்டின் இருபுறமும் 85 சதவீத இடத்தைப் பிடித்தது. இதை எதிர்த்து நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2017 டிசம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்து, 85 சதவீதத்தைத் தொடரவிட்டது. படத்தால் ஒன்றும் ஆகாது என்றால், இவ்வளவு செலவு செய்து வழக்கு நடத்தியிருப்பார்களா? 2016-17 கணக்கெடுப்பில் சிகரெட் பிடிப்பவர்களில் சுமார் 62 சதவீதம் பேர், அந்த எச்சரிக்கையைப் பார்த்து விட்டுவிட வேண்டும் என்று நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். நினைத்தவர் எல்லோரும் விட்டுவிடவில்லைதான். ஆனால் விடுவது எப்போதும் நினைப்பில்தான் தொடங்குகிறது. அந்தப் பாக்கெட் ஒரு நாளைக்கு இருபது முறை கையில் ஏறி இறங்குகிறது.

ஆனால் ஒரு ஓட்டை இருக்கிறது, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் ஊரில் எத்தனை பேர் பாக்கெட்டாக வாங்குகிறார்கள்? பெட்டிக்கடையில் ஒரு சிகரெட், அதைப் பற்றவைக்கத் தொங்கவிட்ட கயிறு அல்லது லைட்டர். படத்தைப் பார்ப்பது கடைக்காரர் மட்டும்தான். உதிரியாக விற்கும்போது எச்சரிக்கையும் போய்விடுகிறது, வரி ஏற்றத்தின் வலியும் போய்விடுகிறது. பள்ளிப் பையனிடம் ஒரு பாக்கெட்டுக்குக் காசு இருக்காது, ஒரு சிகரெட்டுக்கு இருக்கும். சில மாநிலங்கள் உதிரி விற்பனைக்குத் தடை போட்டிருக்கின்றன. இந்த ஒரு ஓட்டையை உண்மையாக அடைத்தால், மற்றப் பிரிவுகள் எல்லாம் தாமாகவே இரண்டு மடங்கு வேலை செய்யும் என்று நம்புகிறேன்.

விளம்பரத் தடையிலும் இப்படி ஒரு சந்து உண்டு. புகையிலையை விளம்பரப்படுத்தக்கூடாது. ஆனால் அதே பெயரில், அதே நிறத்தில், அதே எழுத்தில் ஏலக்காயையோ பான் மசாலாவையோ விளம்பரப்படுத்தினால்? கிரிக்கெட் ஒளிபரப்பில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் அதுதான். பெரிய நடிகர்கள் கோடிக்கணக்கில் வாங்கிக்கொண்டு நடிப்பது ஒரு ரூபாய் ஏலக்காய்ப் பொட்டலத்துக்காகத்தான் என்று நம்ப யாராலும் முடியாது. கடையில் வைக்கும் பலகைக்குக்கூட 60-க்கு 45 சென்டிமீட்டர் என்று அளவு சொல்லும் விதிகள் இருக்கிற நாட்டில், இதை இவ்வளவு காலம் விட்டுவைத்தது பெரிய தவறு.

வரி வாங்கிக்கொண்டு அபராதமா என்று தம்பி கேட்டாரே, அதற்கு வருகிறேன். வரியை அரசின் பேராசையாகப் பார்க்கிறோம். பொதுச் சுகாதாரக்காரர்கள் அதை ஒரு மருந்தாகப் பார்க்கிறார்கள். விலை 10 சதவீதம் ஏறினால், நம்மைப் போன்ற நாடுகளில் பயன்பாடு சுமார் 5 சதவீதம் குறையும் என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. அதிகம் குறைப்பவர்கள் யார் என்றால், கையில் காசு குறைவாக உள்ள இளைஞர்கள். அதாவது யாரைத் தடுக்க நினைக்கிறோமோ, சரியாக அவர்களையே அது தடுக்கிறது. விற்பனை விலையில் 75 சதவீதமாவது வரியாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

அரசுக்கு லாபம் என்ற பேச்சும் சரியல்ல. 2017-18-இல் 35 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் புகையிலையால் வந்த நோயும் மரணமும் நாட்டுக்கு வைத்த செலவு சுமார் 1.77 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். உள்நாட்டு உற்பத்தியில் இது ஒரு சதவீதத்துக்குப் பக்கம். புகையிலையிலிருந்து வரும் வரி இதற்கு அருகில்கூட வரவில்லை. அந்தச் செலவில் பெரும்பங்கு அரசாங்கக் கஜானாவிலிருந்து போவதில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வாய்ப்புற்றுநோய் வந்த கொத்தனாரின் வீட்டில் முதலில் நகை போகும், அப்புறம் வண்டி போகும், அப்புறம் பிள்ளையின் படிப்பு நிற்கும். அந்தக் கணக்கு எந்தப் பட்ஜெட்டிலும் வராது.

பீடியை மட்டும் இந்த வரிக் கணக்கு விட்டுவைத்தது. 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது சிகரெட்டுக்கு 28 சதவீதத்தோடு மேல்வரியும் சேர்த்தார்கள். அப்போது பீடிக்கு அந்த மேல்வரி போடவில்லை. ஏழைகளின் பொருள், குடிசைத் தொழில் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் 2008-இல் வெளிவந்த பெரிய தேசிய ஆய்வின்படி, பீடி பிடிக்கும் ஆண் சராசரியாக ஆறு வருட ஆயுளை இழக்கிறார். பெண் எட்டு வருடத்தை இழக்கிறார். சிகரெட் பிடிக்கும் ஆண் இழப்பது பத்து வருடம். இலையில் சுற்றியது, மூலிகை மாதிரி, கெடுதல் இல்லை என்று ஊரில் நிலவும் பேச்சுக்கு எந்த ஆதாரமும் இல்லை. ஏழைக்குச் சலுகை விலையில் கிடைப்பது ஏழையின் ஆயுளைத்தான் குறைக்கிறது.

மொத்தமாகத் தடை செய்யலாமே? இதைப் பூட்டான் செய்து பார்த்தது. 2004 இறுதியில் நாடு முழுக்கப் புகையிலை விற்பனையைத் தடை செய்தார்கள். கடத்தல் பெருகியது. கோவிட் காலத்தில் எல்லையைத் தாண்டி வரும் கடத்தல்காரர்களால் நோய் பரவும் என்ற பயம் வந்தது. 2021-இல் சட்டத்தைத் திருத்தி விற்பனையை அனுமதித்துவிட்டார்கள். இந்தியாவில் 2016-17 கணக்குப்படி சுமார் 26.7 கோடிப் பேர் புகையிலை பயன்படுத்துகிறவர்கள். ஒரே நாளில் கதவைச் சாத்தினால், அத்தனை பேரின் தவிப்பையும் கள்ளச்சந்தை காசாக்கிக்கொள்ளும்.

குட்கா விஷயத்தில் நமக்கே அந்த அனுபவம் இருக்கிறது. தமிழ்நாடு 2001-லேயே குட்காவைத் தடை செய்தது. மாநிலங்கள் அப்படிப் போட்ட தடைகள் 2004-இல் உச்ச நீதிமன்றத்தில் நிற்கவில்லை. பிறகு 2011-இல் உணவுப் பாதுகாப்பு விதிகளில், எந்த உணவுப் பொருளிலும் புகையிலையோ நிக்கோடினோ சேர்க்கக்கூடாது என்று ஒரு வரி வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு 2013-இல் தமிழ்நாடு மறுபடி தடை கொண்டுவந்து, வருடாவருடம் ஆணை போட்டு நீட்டித்தது. நிறுவனங்கள் என்ன செய்தன? பான் மசாலாவைத் தனிப் பொட்டலமாகவும் புகையிலையைத் தனிப் பொட்டலமாகவும் போட்டன. வாங்குபவர் இரண்டையும் கிழித்து வாய்க்குள் கலந்துகொண்டார். 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், இப்படி ஆண்டுதோறும் ஆணை போட அதிகாரிக்கு அதிகாரமில்லை என்று ரத்து செய்தது. சில மாதங்களில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இவ்வளவுக்கும் நடுவில் பள்ளிப் பிள்ளைகள் உதட்டுக்குள் அடக்கிவைக்கும் சிறு பொட்டலங்கள் எங்கெங்கோ கிடைத்துக்கொண்டுதான் இருக்கின்றன. வாயில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தால் ஆசிரியருக்குக்கூடத் தெரியாது.

அதற்காகக் குட்கா தடை வீண் என்று சொல்ல மாட்டேன். முன்பு கடை முகப்பில் தோரணமாகத் தொங்கியது, இப்போது மறைத்து விற்க வேண்டியிருக்கிறது. கண்ணில் படாத பொருளைப் புதிதாக ஒருவன் கேட்பது குறையும். இந்திய ஆண்களிடம் முதலிடத்தில் இருக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய் என்பதை வைத்துப் பார்த்தால், மெல்லும் புகையிலைக்கு இன்னும் கடுமை காட்டுவது நியாயம்தான். ஆனால் தடை ஆணை மட்டும் போட்டுவிட்டு உட்கார்ந்தால் போதாது.

தடை என்று பேசும்போது நான் மறக்காத இன்னொரு கூட்டம் உண்டு. நெல்லை, தென்காசி மாவட்டங்களில் ஆலங்குளம், முக்கூடல், கடையம் பக்கம் போனால் திண்ணைகளில் மடியில் தட்டை வைத்துக்கொண்டு பெண்கள் பீடி சுற்றுவதைப் பார்க்கலாம். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. இலை வெட்டி, தூள் வைத்து, சுருட்டி, நூல் கட்டி, ஒரு நாள் முழுக்கக் குனிந்தே இருக்க வேண்டும். புகையிலைத் தூள் அவர்கள் மூச்சிலும் போகிறது, தட்டுக்குப் பக்கத்தில் தவழும் குழந்தையின் மூச்சிலும் போகிறது. அவர்களில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு பீடிகூடப் பிடித்ததில்லை. பொதுச் சுகாதாரச் சட்டம் இவர்களையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். வேறு வேலை காட்டாமல் இந்தத் தட்டைப் பிடுங்கினால் அது சுகாதாரம் ஆகாது. படிப்படியாகத் தேவையைக் குறைத்து, அந்த இடைவெளியில் மாற்றுத் தொழில் ஏற்படுத்தும் வழியைத்தான் உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையும் சொல்கிறது. 2004-இல் இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. மாற்றுத் தொழில் விஷயத்தில் நாம் செய்தது மிகக் குறைவு.

இவ்வளவு சட்டம் போட்டு என்ன ஆனது என்று கேட்டால், நாடு முழுக்க 2009-10-இல் 34.6 சதவீதமாக இருந்த பயன்பாடு 2016-17-இல் 28.6 சதவீதமாக இறங்கியது. கோடிக்கணக்கானவர்கள் தப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குள் பிறர் புகையைச் சுவாசிப்பவர்கள் 52 சதவீதத்திலிருந்து 39 சதவீதத்துக்கு வந்தார்கள். சட்டம் வீட்டுக்குள் நுழையவே இல்லை, ஆனாலும் இது நடந்தது. பேருந்தில் பிடிக்கக்கூடாது என்று பழகியவர் வீட்டிலும் வாசலுக்கு எழுந்து போகிறார். அதே காலத்தில் தமிழ்நாட்டில் மட்டும் 16.2 சதவீதத்திலிருந்து 20 ஆகக் கூடியது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. தேசிய சராசரியைவிட நாம் குறைவுதான். ஆனால் போகிற திசை சரியில்லை.

தம்பிக்கு ஒன்று. அபராதக் கோபத்தில்கூட "கெடுதல் என்று தெரிந்துதான்" என்று சொல்லியிருக்கிறீர்கள். அந்தப் பாக்கெட்டின் மேல், எச்சரிக்கையோடு 1800 112 356 என்று ஒரு எண் இருக்கும். உதிரியாக வாங்குபவராக இருந்தால் பார்த்திருக்க மாட்டீர்கள். கட்டணமில்லாத எண், தமிழிலும் பேசலாம். விட்ட முதல் மூன்று நாள்தான் மோசமாக இருக்கும், இரண்டு மூன்று வாரத்தில் அடங்கும். ஒவ்வொரு முறை ஆசை எழும்போதும் சில நிமிடங்களில் அது தானே தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களை எப்படிக் கடப்பது என்றுதான் அங்கே சொல்லித் தருவார்கள். ஒரு வருடம் தாண்டினால் மாரடைப்பு அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் மட்டும் அதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். நாளைக் காலையிலேயே போய்க் கொடுத்துவிடுங்கள்.